பச்சைப் பொட்டு வைத்த பலகை

ரொறொன்ரோ
ஏப்ரல் 27

அன்புள்ள வதனாவுக்கு,

எமில்டா எழுதுவது. நான் சுகம். நீயும் அஜக்ஸில் மகன் வீட்டில் சுகமாக இருப்பாய் என்று நினைக்கச் சொல்லி மனதுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.

இனி உனக்குப் போன் எடுக்க மாட்டேன். உன் மருமகள் துவாரகா மூஞ்சியை நீட்டுகிறா என்று நான் விட்ட வொய்ஸ் மெசேச், காருக்குள் எல்லாருக்கும் சத்தமாகப் பாடினதாமே. கார் ஓடினதும் அவதானாம். ஆனபடியால் கடிதம். காருக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது. பிழைகளுக்குச் சிரிக்காதே, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது.

செய்தி கேள். ஞாயிறுகளில் ஏரியில் முழுகிவிட்டு நாங்கள் உடுப்பு மாற்றுகிற பழைய பாத்ஹவுஸைத் திருத்தப் போகிறார்கள். நீ குறுக்குக்கட்டோடு தண்ணிக்குள் இறங்க ஒரு காவல் பெடியன் விசில் அடித்தானே, அந்தக் கரைதான். சனத்தின் விருப்பம் கேட்க ஒரு மீற்றிங் வைத்தார்கள். எங்கள் பில்டிங் பெண்கள், செபமாலைக் கூட்டம், எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனேன். என்னென்ன கட்டலாம் என்று படம் போட்ட பலகைகளை வரிசையாக வைத்து, பச்சை ஒட்டுப்பொட்டுகளைக் கையில் தந்து, எந்தப் பலகையில் உள்ளது பிடிக்குதோ அதில் ஒட்டச் சொன்னார்கள். சுடுதண்ணிச் சவருக்கு ஒட்டினோம், கதவுப் பூட்டுக்கு ஒட்டினோம்.

கடைசிப் பலகையில் ஒரு பொட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டை, பந்தி விரித்தும் ஆள் வராத வீட்டுக்காரி மாதிரித் தனியே நின்றாள். எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்ததும் அவள்தான். "எடியே, அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ. மிச்சத்தை அங்கை ஒட்டுங்கோ" என்றேன். பலகை பச்சையாகிவிட்டது, பிள்ளையின் முகமும் மலர்ந்தது. படத்தில் என்ன இருந்தது என்று வடிவாகப் பார்க்கவில்லை. ஏதோ மாடியும் குடைகளும்.

உன் கட்டில் யன்னலடியில் போட்டாயிற்று. பேத்தி பள்ளிக்கூடம் தொடங்கினதும் வா. இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்து சண்டை பிடிப்போம்.

இன்னும் மெலியாத உன்
எமில்டா


அஜக்ஸ்
யூலை 6

அன்பு எமில்டா,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் இருந்து வாசித்தேன். இந்த வீட்டில் நான் பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு அது ஒன்றுதான்.

வீடு பெரிது. வெளியே இறங்கினால் போக இடம் இல்லை. கடைக்கும் கார், கோயிலுக்கும் கார். எல்லாரும் வேலைக்குப் போனபின் நானும் பேத்தியும். அவள் நித்திரையானால் யன்னலடியில் இருப்பேன். எதிர்வீட்டு கராஜ் கதவு திறப்பதும் மூடுவதும்தான் எனக்கு நாடகம்.

நேற்று மகனிடம் சொல்லிவிட்டேன். "தம்பி, செப்டெம்பரிலை நான் எமில்டாவிட்டைப் போறன்."

"இஞ்சை உங்களுக்கு என்ன குறையம்மா?" என்று ராகுலன் கேட்டான். நான் யன்னலால் எதிர்வீட்டு கராஜைக் காட்டினேன். துவாரகாதான் உதவிக்கு வந்தா. "மாமி ஆசைப்பட்டால் போகட்டும். அறையை வாடகைக்கு விடலாம்." அறைக்கு ஆளும் பார்க்கிறா.

அந்தப் பலகையில் என்ன இருந்தது என்று விசாரித்து எழுது. நீ பார்க்காமல் ஒட்டுகிறவள்.

அன்புடன்
சந்திரவதனா


ரொறொன்ரோ
ஓகஸ்ட் முடியப் போகுது, 28

என் தங்கமான வதனா,

முதலில் நல்ல செய்தி. நான் ஒட்டுவித்த பலகைதான் எல்லாவற்றிலும் முதலாம் பிள்ளை. அந்தளவு பொட்டு வேறு எதற்கும் விழவில்லையாம். பேப்பரிலும் போட்டார்கள். பாத்ஹவுஸ் மாடியில் றெஸ்ரோறன்ட், கலியாண மண்டபம், வைன் குடிக்கக் குடையும் கதிரையும். உடுப்பு மாற்ற ஒரு மூலை. சுடுதண்ணியைப் பிறகு பார்ப்பார்களாம். நீ குறுக்குக்கட்டோடு மேலே ஏறினால் இனி விசில் அடிக்க மாட்டார்கள், மெனு தருவார்கள்.

சிரித்தாயா? நல்லது. இனி மற்றது.

கரை மாறுவதால் பக்கத்தில் இருக்கிற எங்கள் பில்டிங்கையும் காசுக்காரருக்கு ஏற்ற மாதிரி மாற்றப் போகிறார்கள். ஒக்டோபர் கடைசிக்குள் எல்லாரும் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். திருத்தின பிறகு வரலாம் என்று சட்டம் இருக்காம். எப்போது முடியும் என்று கேட்டால் வீட்டுக்காரர் வானத்தைப் பார்க்கிறார். பில்டிங் பார்க்கிற கிளிபோட்டிடம் சண்டைக்குப் போனேன். "அன்ரி, என்னோடை ஏன் கத்துறியள்? பச்சைப் பொட்டு வைச்சது உங்கட ஆக்கள்தானே" என்றான். சண்டைக்குப் போன நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். நான், வதனா.

எழும்பச் சொல்லி நோட்டீஸ் உன் கடிதத்துக்கு முதலே வந்துவிட்டது. பகிடியாக எழுத ஒரு வழி தேடினேன், அதற்குள் நீ மகனிடம் சொல்லிவிட்டாய்.

நான் ஒஷாவாவுக்கு, தங்கச்சி மகள் ஷரோனின் பேஸ்மென்ட்டுக்குப் போகிறேன். யன்னல் இருக்கிறதாம், அதால் சனத்தின் சப்பாத்து தெரியுமாம். உன் கட்டில் அந்தப் படியால் இறங்காது. அளந்து பார்த்துவிட்டேன். ஒக்டோபர் கடைசிச் சனி காலமை ரெயினில் போகிறேன், அது அஜக்ஸில் நின்றுதான் ஒஷாவாவுக்குப் போகும்.

பெட்டியை அடுக்கிவிட்டாயா? எழுதாமல் இராதே.

உன்
எமில்டா


அஜக்ஸ்
ஒக்டோபர் 12

எமில்டா,

வாசிக்கும்போது மெனு என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அதுதான் எனக்குக் கோபம்.

என் அறைக்கு ஒரு படிக்கிற பிள்ளை வந்துவிட்டது. நல்ல பிள்ளை. நான் பேத்தியின் அறையில் படுக்கிறேன். பெட்டியை அவிழ்க்கவில்லை, அவிழ்த்து அடுக்க அலுமாரி இல்லை. "பாத்தீங்களே அம்மா, நான் சொன்னனான்" என்று ராகுலன் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

உன்னில் பிழை இல்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. பலகையடியில் தனியே நின்ற ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து உனக்கு மனம் இளகினது. இங்கே யன்னலடியில் நானும் அப்படித்தான் நிற்கிறேன். எனக்கு ஒரு பொட்டு மிச்சம் வைத்திருக்கலாம்.

கடைசிச் சனி துவாரகாவுக்கு வேலை இல்லை. ஸ்ரேசனில் இறக்கிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பாப்பம் மாமி" என்றா.

ரெயின் அஜக்ஸில் நிற்கும்போது வெளியே ஏரியைத் தேடாதே. இங்கே இருந்து அது தெரியாது. பிளாற்போமைப் பார்.

சந்திரவதனா