அம்மாவுக்கும் ஆகாத கோதுமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூவரும் நலம். இந்த முறை அதை ஒப்புக்கு எழுதவில்லை, உண்மையாகவே நலம். நீயும் வயிற்று உபத்திரவம் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

கோதுமை ஆகாத சீலியாக் நோய் உனக்கு இருப்பது தெரிந்ததும், பெற்றவர்களும் கூடப் பிறந்தவனும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒன்றுமில்லை. நான்தான் முந்திரிக்கொட்டை. மகள் தொடாததை நான் தொடுவதா என்று ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் இரண்டு மாதம் நிறுத்தியிருந்தேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தத்தில் அது தெரியுமாம், தினமும் ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஆறு வாரம் கழித்து வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார். மருந்து மாதிரி விழுங்கினேன், வயிறு உப்பியது, உன் அப்பா பலூன் என்று கேலி செய்தார். கடைசியில் ரத்தத்திலும் தெரிந்தது, குழாய் விட்டுக் குடலில் கிள்ளி எடுத்த துணுக்கிலும் தெரிந்தது. எனக்கும் அதேதான்.

பயந்துவிடாதே, உடம்பு தேறிய பிறகு சொல்லலாம் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் நிம்மதியில். இருபது வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஏறாத ரத்தம், கோதுமையை விட்ட நான்கே மாதத்தில் ஏறிவிட்டது. தையல் கடையில் மத்தியானமானால் மிஷின் மேலேயே சாய்ந்துவிடுவேன், சோம்பேறி என்று என் காதுபடவே சொல்வார்கள். இப்போது மாலை வரை உட்கார்ந்து தைக்கிறேன், கட்டிங் மாஸ்டர் என்ன டானிக் என்று கேட்கிறார். அப்பாவே மாவு டப்பாவையும் சல்லடையையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், தம்பிதான் வெளியே போய் பன் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துக்கொள்வாய், எந்திரிடி சோம்பேறி என்று கத்துவேன். கடையில் அந்தச் சொல் என்னைச் சுட்டது, வீட்டுக்கு வந்து அதையே உன் மேல் போட்டேன். நீ சோம்பேறி இல்லையடி, நாம் இரண்டு பேருமே இல்லை. அம்மாவை மன்னித்துவிடு.

பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்கு, பலதில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. நோய் நொடி அண்டாமல் நூறு வயது இரு. அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, வந்ததும் எங்கே வேண்டுமானாலும் படுத்துத் தூங்கு, நான் எழுப்ப மாட்டேன்.

உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகும்
அம்மா