இடப்பக்கத்துக் கிட்டார்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முப்பத்தொரு அழைப்புகள். வாடிக்கையாளர் கத்துகிறார், எங்கள் ஆள் மன்னிப்புக் கேட்கிறார், நான் பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுகிறேன். "ஹெட்போன காதுல மாட்டிக்கறதுக்கா மூணு வருஷம் படிக்க வெச்சோம்?" என்கிறாள் அம்மா. நல்ல கேள்விதான்.

மார்ச் 6, வியாழன்

ரசிகர் குழுவில் நாங்கள் ஐந்து பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. நாங்கள் ரசிக்கும் பேண்டு ஏழு ஊர்களில் வாசித்த ரயில் பாட்டின் பதிவுகளை ஒப்பிட்டு, எது சிறந்தது என்று எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார் குழுவை நடத்தும் 'தாடி'. "நாள் பூரா காதால வேலை பாக்கறவ நீதான். உன் காது நம்ம குழுவோட சொத்தும்மா."

யாரும் என்னிடம் எதையும் இப்படி ஒப்படைத்ததில்லை. சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. "சரி" என்று மட்டும் எழுதினேன்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் ஊர்: டிரம்ஸ்காரருக்கு அவசரம், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர் போல. இரண்டாவது: கூரைமேல் மழை விழுவது கேட்கிறது. நான்காவது: பாடுகிறவருக்கு இரண்டாம் சரணம் மறந்துபோகிறது, கூட்டம் பாடி முடிக்கிறது. இதற்கே முதலிடம்.

ஏழிலும் ஒரே குறை. பேண்டில் கிட்டார் இரண்டு: வலப்பக்கம் தொப்பிக்காரருடையது பளிச். இடப்பக்கம் ஒல்லி வாசிப்பது மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல. "ஒலிப்பதிவாளரின் அலட்சியம்" என்று எழுதி அனுப்பினேன். அந்தச் சொல்லை எழுதும்போது ஒரு நிமிடம் நான் பெரிய ஆள்.

மார்ச் 10, திங்கள்

தாடியின் பதில்: "ஏழு ஊர்ல ஏழு பேர் பதிவு பண்ணது. ஏழு பேரும் கூடிப் பேசியா சதி பண்ணாங்க? ஒல்லி கிளப்பறாரு! ஹெட்போன மாத்திப் பாரு."

மற்ற மூவரும் சிரித்திருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

பக்கத்து இருக்கைக்காரியின் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். அதே கம்பளி.

பிறகு என்ன தோன்றியதோ, ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். ஒல்லி வலப்பக்கம் வந்து கணீரென்று வாசித்தார். தொப்பிக்காரர் இடப்பக்கம் போய் மங்கினார்.

திருப்பினேன். மறுபடி திருப்பினேன். நான்கு முறை.

குறை ஹெட்போனில் இல்லை. பதிவிலும் இல்லை. எப்பலேர்ந்து? எப்பலேர்ந்து இப்படி — எனக்கே தெரியாம?

மார்ச் 12, புதன்

முப்பத்து மூன்று அழைப்புகள்.

மார்ச் 13, வியாழன்

காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடக்காதுக்கு நெடுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன நாளா இருக்கு?"

"தெரியல டாக்டர். ரெக்கார்டிங் சரியில்லன்னு நெனச்சேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆரம்பத்துலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மாத்திர தர்றேன், உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. ஹெட்போன் வேலைய விட்டுடுங்க."

தலையாட்டினேன். அழுகை வரும் என்று மருந்துக் கடை வாசலில் கொஞ்சம் நின்றேன். பேருந்துதான் வந்தது.

மார்ச் 15, சனி

யாரிடமும் சொல்லவில்லை. அப்பா கண்டுபிடித்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் தகடு வெட்டும் எந்திரத்தருகே நின்று வலக்காதைக் கொடுத்தவர்.

"அம்மா கூப்பிட்டா ஏன் தலைய அப்படித் திருப்பற?"

"சும்மாப்பா."

"நானும் ஒரு வருஷம் சும்மான்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சொன்னேன். அப்பா தன் வலக்காதைத் தடவிக்கொண்டார். பிறகு, "உங்கம்மா திட்டும்போது எந்தப் பக்கம் நிக்கறான்னு மட்டும் பாத்துக்க" என்றார். சமையலறையிலிருந்து அம்மா, "எனக்கு ரெண்டு காதும் கேக்குது!" என்றாள்.

மூவரும் சிரித்தோம். அம்மாதான் முதலில் நிறுத்தினாள்.

மார்ச் 24, திங்கள்

இரண்டாம் பரிசோதனை. தாளில் இடக்காதுக்கான கோடு மாத்திரைக்குப் பிறகும் அதே இடத்தில்.

மார்ச் 26, புதன்

அலுவலகத்தில் குழுத் தலைவியின் கதவை முதல்முறையாக நானே தட்டினேன். உள்ளே போய்க் காது விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

"இத ஏன் நீ சொல்ற? பேசாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"தப்பா மார்க் போட்டிருப்பேன் மேடம். யாரோ ஒருத்தருக்கு."

ஹெட்போன் தேவைப்படாத கடிதப் பிரிவில் இடம் கேட்டுப் பார்க்கிறாராம். அதுவரை வர வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

ரசிகர் குழுவுக்கு எழுதினேன்: "திருத்தம். ஏழு பதிவிலும் குறை இல்லை. குறை என் இடக்காதில். ஒலிப்பதிவாளர்கள் மன்னிக்கவும். முதலிடம் நான்காவதுக்கே." தாடி இன்னும் பதில் போடவில்லை.

இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் வசதி போனில் இருக்கிறது. அதைப் போட்டு, நான்காவது பதிவை மேசைமேல் வைத்து ஓடவிட்டேன். அப்பா வந்து உட்கார்ந்தார். "யாரு இவன், எங்க பட்டறைல இருந்தவன் மாதிரி அடிக்கறான்?"

அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தேன். அவருக்குக் கேட்கும் காது அந்தப் பக்கம்; சிறு வயதிலிருந்தே என் இடம். எனக்குக் கேட்கும் காதும் அவர் பக்கம் இருந்தது. நாற்காலியை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.