பெரட்டுக்கும் பகல் நிறுவைக்கும் நடுவில்

பூண்டுலோயா

பேரன் கிளைவுக்கு,

மாதா துணை. அம்மாயி எழுதுகிறேன். முழங்கால் வலி தவிர எனக்குக் குறை இல்லை. உன் தங்கச்சி ஷிராணிக்குக் கோயிலில் ரெண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. அதற்கடுத்த புதன் கல்யாணம். மழை விடுகிற மாதிரி இல்லை, பந்தலுக்குத் தகரம் கேட்டிருக்கிறோம்.

லண்டன் ரொம்ப தூரம் அம்மாயி, நினைச்ச உடனே வர முடியுமா என்று போனில் சொன்னாய். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஷிராணி போனை வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். வீட்டில் அன்றைக்கு வெங்காயமே இல்லை.

அந்தத் தூரத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். போன மாதம் அனோஜா டீச்சரின் தம்பி லண்டன் போனான். காலையில் பிளேன் ஏறினவன், இங்கே விளக்கு வைத்த பிறகுதான் இறங்கிவிட்டேன் என்று போன் பண்ணினான். பதினோரு மணி நேரம் பறக்க வேணுமாம்.

நீ போன நாள் எனக்கு மறக்குமா? விடியக்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம், ஏறப்போகிறேன் என்றாய். பகல் தேயிலைக் கொழுந்து நிறுக்கப் பொம்பளைகள் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை, அதற்குள் லண்டன் வந்துட்டேன் என்றாய். பிளேன் அவ்வளவு வேகம் என்று நானும் லயத்து வீடுகள் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவ்வளவு நேரத்தில் எங்கே போகலாம் என்று டீச்சரிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். மெட்ராஸ் போகலாம் என்றாள். நான் ராச்சாப்பாடு சாப்பிடும்போது நீயும் ராச்சாப்பாடு சாப்பிட்டாச்சு என்கிறாய். டீச்சர் தம்பிக்கு அப்போதுதான் பகல் சோறாம். உன் கூட்டாளி லோஜனிடம் உன் விலாசம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, கடிதத்தைத் தாங்க, நான் சேர்த்துடுறேன் என்றான். ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

உன் சித்தப்பன் சூசைரட்ணம் கோயில் வாசலில் வைத்து, லண்டன்காரர் கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டுச் சிரிக்கிறான். உன் அம்மாவைப் புதைத்த அன்று, இதுகளை யார் சுமக்கிறது என்று கேட்ட அதே வாய். நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். அவன் முகத்தில் முழிக்கத்தானே நீ பயப்படுகிறாய்?

ஏஜென்சிக்காரன் ஏமாற்றினானா, விசா இல்லை என்றார்களா, நான் கேட்க மாட்டேன். மெட்ராஸ் தூரமில்லை அய்யா. கொழும்பில் இறங்கி பஸ்ஸில் நம்ம தோட்டத்துக்கு வரத்தான் நேரம் கூட. அப்பனும் இல்லாத தங்கச்சி கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேறு யார் இருக்கிறார்கள்? அந்த இடத்தில் சூசைரட்ணம் நிற்க நான் விடமாட்டேன்.

ஊர் கேட்டால் லண்டனிலிருந்துதான் வந்தான் என்று நானே சொல்லுவேன். அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வந்து சேர்.

மாதா உன் வழிக்குத் துணையிருப்பாளாக.

உன் அம்மாயி
றோசலின்