அம்மாவின் கோப்பை நாடு சுற்றி வந்தது

நாவற்குடா,
மட்டக்களப்பு.
21.09.2025

அன்பு மகள் தனுஷாவுக்கு,

உங்கள் பக்கம் குளிர் தலைகாட்டத் தொடங்கியிருக்கும், இங்கே கச்சான் காற்று இன்னும் புழுதியை அள்ளிக்கொண்டுதான் நிற்கிறது. அந்தக் குளிரிலும் இந்தப் புழுதியிலும் நம் எல்லோரையும் மாமாங்கேஸ்வரர் ஒரேபோலக் காக்கட்டும். எனக்குச் சுகத்தில் குறையில்லை, முழங்கால் மட்டும் படி ஏறும்போது முறைப்பாடு சொல்கிறது, பிரஷர் குளிசை தவறாமல் போடுகிறேன், நீ கேட்கமுன்னமே சொல்லிவிட்டேன். மருமகன் விஜிதரனின் வேலை மாற்றம் சரிவந்ததா? சின்னக்குட்டிக்குப் பல் விழுந்த படம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். போனில் கதைக்கத் தொடங்கினால் அவள் பறித்துக்கொள்கிறாள், பிறகு லைன் வெட்டுப்படுகிறது, போன கிழமை நீ “அம்மாட கோப்பைய ஆரோ ஒரு பொம்பிள லைட்ஹவுசுக்குப் பக்கத்தில வச்சுக் குடிக்கிறா, என்னப்பா இது” என்று கேட்டதற்கும் நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

அந்த நீல எனாமல் கோப்பை உனக்கு நினைவிருக்கும், ஜீப்பில் இடப்பக்கம் கொளுக்கியில் தொங்கி நீ பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் டங் டங் என்று அடித்துக்கொண்டு வருமே, அதுதான். ஆனால் அது நம் வீட்டுக்கு வந்த கதையை அம்மா உனக்குச் சொன்னாவோ தெரியாது. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் சாரதியாக உன்னிச்சைக் குளத்தில் நின்ற காலம், அவ கரடியனாற்றில் மருத்துவமாது, ஊருக்கு மிசியம்மா. மாரி வெள்ளத்தில் றோட்டு அறுந்து, பிள்ளைப்பேற்று வீட்டுக்கு அவவை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி எனக்குக் கட்டளை வந்தது. வண்டி சேற்றில் புதைந்து பாதி வழியில் நின்றபோது நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அதைத் திட்டிக்கொண்டு நின்றேன், அவ பையிலிருந்து பிளாஸ்கையும் இந்தக் கோப்பையையும் எடுத்து வெறுந்தேத்தண்ணி ஊற்றிப் பாதியைத் தான் குடித்து மீதியை என்னிடம் நீட்டி, “முதல்ல குடிங்க, பிறகு ஏசுங்க” என்றா. அதுதான் எங்கள் பெண்பார்ப்பு. திணைக்களம் அந்த ஜீப்பைப் பழசென்று ஏலத்தில் விட்டபோது நான் எடுத்ததும் அவ சொல்லித்தான், எனக்கு அப்போது மோட்டார்சைக்கிள் எண்ணம்தான் இருந்தது.

அவவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது மகள், இந்த ஜீப்பில் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். பருத்தித்துறைக் கடற்கரை, தலைமன்னார், மேலே அப்புத்தளை முகில், தெற்கே தெவிநுவர லைட்ஹவுஸ், இதெல்லாம் கலண்டர் படத்தில் பார்த்து வைத்திருந்தா. முதலில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறந்தபோது உன் படிப்பு, பிறகு உன் கலியாணம். கடைசியில் எங்களுக்கு நேரம் கிடைத்தபோது அவவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்து கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக் கட்டிலோடு காலம் போயிற்று. பொலன்னறுவைக்கு அப்பால் அவ காணவேயில்லை. நோயோடு கிடந்த நாட்களிலும் “அடுத்த சித்திரைக்குப் போவம்” என்றுதான் சொல்வா, நானும் ஓம் என்பேன், ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு ஏறாவூர் முனாப் வந்திருந்தார். உனக்குத் தெரியும்தானே, ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், எங்களைப் போலப் பழைய ஜீப்பில் பைத்தியம் பிடித்தவர். நாடு முழுக்க இப்படிப் பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குறூப் நடத்துகிறார்கள், என்னையும் அதில் போட்டுவிட்டது அவர்தான். சாப்பிட்டு முடிந்து தறப்பாளைத் தூக்கி, ஓடாமல் கிடந்த ஜீப்பைப் பார்த்தவர் கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணன், அவங்க போக ஏலாமப் போயிட்டு. கோப்பயாவது போகட்டுமே. கைக்குக் கை குடுத்து அனுப்புவம்” என்றார். பழைய ஜீப்பில் மட்டுந்தான் போக வேண்டும், தபாலில் போடக் கூடாது, பஸ்ஸில் ஏற்றக் கூடாது, ஒவ்வொரு இடத்திலும் கொண்டுபோனவர் அதில் ஒரு தேத்தண்ணி குடித்துப் படம் அனுப்பிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும், இது அவர் அந்த இடத்திலேயே போட்ட சட்டம். நான் மாட்டேன் என்றேன். காலையில் எழும்பித் தறப்பாளைத் தூக்கி அது தொங்குகிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, அதையும் அனுப்பிவிட்டு நான் எதைப் பார்ப்பது? முனாப் வற்புறுத்தவில்லை. போகும்போது மட்டும், “அவங்க ஒங்களோட கோவிச்சுக்கிட்டுப் போனா எங்க போயிருப்பாங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ரெண்டு கிழமை அந்தக் கேள்வியே காதில் நின்றது. பருத்தித்துறைக்குத்தான் போயிருப்பா. சட்டம் முனாப் கையிலிருந்துதானே தொடங்குகிறது, நானே கோப்பையைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஏறாவூருக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன்.

முனாப் ஹபரணைவரை கொண்டுபோய் வவுனியா உதயரூபன் என்ற பெடியனிடம் கொடுத்தார். பெடியன் என்றால் நாற்பது வயது, நமக்குப் பெடியன்தான். பருத்தித்துறையிலிருந்து முதல் படம் வந்தது. அலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் கோப்பை, ஆவி பறக்கிறது, பின்னால் கடல். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவ எங்கேயாவது நிற்கிறாவா என்று தேடுவதுபோல, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. பிறகு தலைமன்னார்ப் படம். அதற்கு அடுத்த நாள் பின்னேரம் படம் வரவில்லை, கோல் வந்தது. “ஐயா, நான் உதயரூபன். கோப்பைய எங்கயோ விட்டிட்டன் ஐயா” என்றான். முருங்கனுக்கு இஞ்சால் றேடியேற்றர் கொதித்து வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றுகிற அலுவலில் கோப்பையை மதகுக் கட்டில் வைத்திருக்கிறான், மதவாச்சிக்கு வந்த பிறகுதான் இல்லாதது தெரிந்திருக்கிறது. “இப்பவே திரும்பிப் போறன், கிடைக்குமட்டும் வீட்ட போகமாட்டன்” என்று அழுதான். நான் “சரி தம்பி, கவனமாப் போ” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முனாப் எடுத்த கோல் எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவரில் கோபமா என்னில் கோபமா தெரியவில்லை, ரெண்டாம் தரம் அவவைப் பறிகொடுத்ததுபோல இருந்தது.

வீட்டுக்குள் இருக்க மனமில்லாமல் தறப்பாளை உருவிப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். எப்போதும் ஏறுகிற பக்கம் அல்ல, அவவின் பக்கம். இத்தனை வருடத்தில் நான் அந்தச் சீற்றில் ஒருநாளும் இருந்ததில்லை மகள். அங்கே இருந்து பார்த்தால் கண்ணாடியில் பாதிதான் தெரிகிறது, கால் வைக்கிற இடத்தில் துருப்பிடித்த ஒரு ஓட்டை, அதற்குள்ளால் கீழே மண் தெரிகிறது. அடைத்துத் தாறேன் என்று நான் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்பா, “இதுக்குள்ளால பாத்தா றோட்டுத்தான் ஓடுது, நாம சும்மா இரிக்கம்” என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பா. ஜீப் சும்மா நிற்க, நானும் சும்மா இருக்க, அடுத்த கிழமை அதைப் பார்க்க வாறேன் என்று பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுகிற ஒருவர் சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. வாசலில் நிறுத்தி பொனற்றில் பூச்சாடி வைக்கப் போகிறாராம். நீயும் அப்பா, அது சும்மா கிடந்து உக்குது, கொடுங்க என்றாய், நானும் அரை மனதாகத் தலையாட்டியிருந்தேன். கோப்பை கிடைத்தால் கடைசித் துண்டுப் பாதையை வேறு ஒருவரும் ஓட வேண்டாம், நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன் என்று அந்த இடத்தில் இருந்தபடியே முடிவெடுத்தேன். கிடைக்காவிட்டாலும் ஜீப்பை விற்பதில்லை.

அடுத்த நாள் விடிய, மன்னார், வவுனியா, அநுராதபுரம் பக்கத்து ஜீப்புகள் எல்லாம் அந்தப் பாதையில் இறங்கிவிட்டன. முகம் தெரியாத மனிதர்கள், தமிழர், சிங்களவர், முஸ்லிம் ஆட்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு மதகு மதகாக இறங்கிப் பற்றைக்குள் தேடியிருக்கிறார்கள். கண்டது உதயரூபன்தான். மதகுக்குக் கொஞ்சம் அங்கால் ஒரு மரக்கிளையில், போகிற வாகனங்களுக்குத் தெரிகிற உயரத்தில், சிவப்புத் துணியில் கட்டித் தொங்கியதாம். பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற றெஜினா என்ற அம்மா செய்த வேலை. “கடைக்குள்ள வச்சா ஆருக்குத் தெரியும், துலைச்ச ஆள் றோட்டைப் பாத்துத்தானே வரும்” என்றாவாம். ஏதாவது கொடுக்கப் பார்த்தால் கையால் தட்டிவிட்டு, யாருடைய கோப்பை என்று கேட்டிருக்கிறா. இவன் கதையைச் சொல்ல, “எல்லாரும் குடிக்கிறியள், நானும் ஒரு வாய் குடிக்கிறன்” என்று தானே தேயிலைச் சாயம் ஊற்றிக் குடித்தாவாம். அந்தப் படத்தை உனக்கு அனுப்பவில்லை, வரும்போது காட்டுகிறேன். அவவும் துணையை இழந்த மனுஷிதான் என்று உதயரூபன் பிறகு சொன்னான்.

நான் முனாப்புக்குக் கோல் எடுத்து, “வண்டியக் கிளப்போணும், வாங்க” என்றேன். அந்த மனிதர் ஏன் போன் எடுக்கவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை, பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எயார் கிளீனருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது, பிறேக் பிடிக்கவேயில்லை, அவர் மனைவி ஹிதாயா நாள்தோறும் எங்கள் ரெண்டு பேருக்கும் சோறு கட்டி அனுப்பினா, ஒரு நாள் வாவி நண்டுக் கறி, அந்த ருசிக்கு நான் சொத்தை எழுதிக் கொடுப்பேன். கடைசியில் ஒருநாள் மத்தியானம் இருமி இருமிப் புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டாட் வந்தது. முனாப் எழும்பித் துள்ளி, “அல்லாஹ்ட காவல், கிழவி எழும்பிட்டாள்!” என்று கத்தினார், அயல் வீட்டு நாய் ஓடித்தப்பியது.

இதற்கிடையில் கோப்பை பண்டாரவளை நில்மினி என்ற ரீச்சரிடம் போயிருந்தது. நீ கண்ட லைட்ஹவுஸ் பெண் அவதான், காலமான தகப்பன் விட்டுப்போன ஜீப்பைத் தானே ஓடுகிறா. மகாஓயாச் சந்தியில் கைமாற்றுவதென்று பேச்சு. முனாப் தன் ஜீப்பில் பின்னால் வர, நான் விடிய வெளிக்கிட்டேன். செங்கலடி தாண்டியதும்தான் ஸ்டேரிங் கைக்குப் பழகியது. நில்மினிக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். கோப்பையை இரண்டு கையாலும் தந்தா. அப்புத்தளையில் தான் முகில் இறங்கும்வரை காத்திருந்து படம் எடுத்ததாகவும், அம்மாவுக்கு முகில் பார்க்க ஆசை என்று முனாப் சொன்னதாகவும் சொன்னா. பிறகு ஏதோ முக்கியமான விசயம் கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்து, “அவங்க சீனி போடுறதா?” என்று கேட்டா. இல்லை, சீனியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பா என்று செய்துகாட்டினேன். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது, தன்னுடைய அப்பாவும் அப்படித்தான் குடிப்பார் என்றா.

திரும்பி வரும்போது கரடியனாற்றில் நிறுத்தினேன். வேளாண்மை வெட்டி முடிந்து வயல் வட்டை வெறுமையாகக் கிடந்தது. கடைக்குள் இருந்த ஒருவர் எழும்பி வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது மிசியம்மா வாற ஜீப் எலா? எங்க அவ?” என்றார். அவ இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொனற்றில் சாய்ந்து நின்றார். பிறகு நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோப்பையிலேயே மாறி மாறிக் குடித்தோம். வெகுநாளைக்குப் பிறகு எனக்குத் தேத்தண்ணி ருசித்தது மகள்.

ஹோட்டல்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், நல்ல மனிதர், கோபிக்கவில்லை. நீ அங்கே வந்து எங்களோடேயே இருங்கள் அப்பா என்று சொல்வதையும் பல தரம் யோசித்தேன். உன் அன்பு எனக்குத் தெரியும், ஆனால் விசாவுக்கு இப்போது எழுத வேண்டாம், எனக்கு இங்கே அலுவல் வந்துவிட்டது. நில்மினியின் தகப்பன் ஒருநாளும் கிழக்குக் கடலைக் கண்டதில்லையாம், அவருடைய தொப்பியை மார்கழி விடுமுறையில் அனுப்பப் போகிறா. மகாஓயாவிலிருந்து கல்லடிக் கடற்கரைவரை அதைக் கொண்டுவருவது என் பொறுப்பு என்று குறூப்பில் எல்லோருக்கும் முன்னால் ஏற்றுக்கொண்டேன். மாரி மழையில் எனக்குத் தனியே ஓடக் கண் போதாது, நீங்கள் மார்கழிக்கு வருவதாகச் சொன்னீர்களே, நீ என்னோடு வர வேண்டும். முனாப்புக்கும் வயது போகிறது, அவரைக் கேட்க மாட்டேன்.

மருமகனைக் குளிரில் சைக்கிளில் போக வேண்டாம் என்று சொல். சின்னக்குட்டிக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், நினைத்த இடத்துக்கெல்லாம் நினைத்தபோதே போய்வருகிற வாழ்வு வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே, வரும்போது உன் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து வா. இங்கே றோட்டுக்கு இடப்பக்கம், கிளச் கொஞ்சம் கடினம், ஒரு நாளில் பிடிபட்டுவிடும். போகும்போது நீதான் ஓட வேண்டும், நான் அம்மாவின் சீற்றில் இருந்து றோட்டைப் பார்த்துக்கொண்டு வாறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
க. நல்லரத்தினம்