நான்கு வெட்டு விழுவதற்கு முன் எடுத்த மூங்கில்

அனுப்புநர்:
ச. அர்ச்சுனன், பி.இ.,
பள்ளிக்கூடத் தெரு,
பாப்பிரெட்டிப்பட்டி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: மூங்கில் முகாம் வண்டி உடைந்த விபத்து – சித்தேரி கிருஷ்ணப்பன் மீது நான் அளித்த புகார் பொய்யானது – அதைத் தள்ளுபடி செய்து என்னை விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 30.12.2024 அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நான் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். சித்தேரியைச் சேர்ந்த மூங்கில் வேலைக்காரர் கிருஷ்ணப்பன், பதப்படுத்தாத மூங்கிலைப் பதப்படுத்தியது என்று சொல்லி என்னிடம் கொடுத்து ஏமாற்றினார் என்றும், அதனாலேயே தொப்பூர் கணவாயில் என் வண்டி உடைந்து ஒரு பெண் காயமடைந்தார் என்றும் பார்வையில் கண்ட மனுவில் எழுதியிருந்தேன். அது பொய். அம்மனுவின் பேரில், சித்தேரியில் தொடங்கவிருக்கும் மூங்கில் தொழிற்பயிற்சிக்குப் பயிற்றுநராகத் தேர்வாகியிருந்த அவருடைய பெயர் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வருகிற 14.03.2025 அன்று இறுதி விசாரணை. அதற்குள் உண்மை தங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

2. நான் இயந்திரவியல் படித்தவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, நான் வேலை கற்றுக்கொடுத்த ஒருவர் எனக்கே மேலதிகாரியாக வந்த வாரத்தில் விலகி ஊர் திரும்பினேன். காரின் பின்னால் இழுத்துச் சென்று, மலையிலோ ஏரிக்கரையிலோ நிறுத்தி, இருவர் உள்ளே படுத்து உறங்கக்கூடிய சிறு முகாம் வண்டி செய்வது என் திட்டம். முழுக்க இரும்பிலும் பலகையிலும் செய்தால் எடை அறுநூறு கிலோவைத் தொடும். சிறிய கார் அதை இழுத்துக்கொண்டு மலை ஏறாது. அச்சும் அடிச்சட்டமும் இரும்பு, அதற்கு மேல் வளைவு, சுவர், கூரை எல்லாம் மூங்கில் என்றால் முந்நூறுக்குள் அடங்கும். இந்தக் கணக்கில் இன்றும் பிழை இல்லை. மூங்கிலின் மீதும் பிழை இல்லை.

3. என் பங்காளி சந்திரமோகன் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். உறவினர் வீட்டுக் காதுகுத்து விருந்தில், பந்தியில் அத்தனை பேர் முன்னிலையில், "மூங்கில்ல கோழிக்கூடு கட்டுவாங்க, இல்லாட்டி பாடை கட்டுவாங்க. நம்ம இன்ஜினியரு ரெண்டையும் சேத்துச் சக்கரத்து மேல வெக்கறாருங்க" என்றார். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. சென்ற செப்டம்பரில் சேலத்தில் நடந்த வாகனக் கண்காட்சியில் அவரும் அரங்கு எடுத்திருந்தார். அவர் கண் எதிரே என் வண்டி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பின்னால் நடந்தவை எல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தவை. ஆனால் மூங்கிலைப் பாதியில் எடுக்கச் சொன்னவர் சந்திரமோகன் அல்ல.

4. கிருஷ்ணப்பன் தம் பட்டா நிலத்து மூங்கிலை வெட்டிக் கட்டுகளாகக் கட்டி, ஓடைத் தண்ணீரில் அமிழ்த்தி மேலே கல் ஏற்றி வைப்பார். உள்ளிருக்கும் மாவுச்சத்து தண்ணீரோடு போனால்தான் பிறகு வண்டு துளைக்காது. ஒவ்வொரு வாரம் முடியும்போதும், கட்டுக்குள் இருக்கும் கழிகள் எல்லாவற்றின் அடிமுனையிலும் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். நான்கு வெட்டு விழாமல் கரையேற்ற மாட்டார். எனக்கான கட்டுகளில் இரண்டு வெட்டு விழுந்திருந்தபோது, கண்காட்சிக்கு நாள் நெருங்குகிறது என்று டெம்போவை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். "இன்னும் ரெண்டு வாரம் கெடக்கட்டுங்க சார். இப்ப எடுத்தா நமக்குப் போடற சோத்த வண்டுக்குப் போடற மாதிரிங்க" என்றார். "உன் தண்ணி ஜோசியத்த நீயே வச்சிக்க. வார்னிஷ் அடிச்சா எந்த வண்டும் கிட்ட வராது" என்றேன். "வார்னிஷ் வெளியில அடிப்பீங்க. வண்டு உள்ளார இருந்துல்லங்க வருது?" என்று கேட்டார். நான் ஆட்களிடம் கட்டுகளை ஏற்றச் சொன்னேன்.

5. அவரும் மனம் ஆறி, மூன்று வாரம் என் பட்டறையில் தங்கி வளைவுகளைக் கட்டித் தந்தார். வண்டி முடிந்த அன்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வூட்டுக்குச் சக்கரம் போட்டுட்டீங்க. இனி வூட்டு வரிய எந்தப் பஞ்சாயத்துல கட்டுவீங்க?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். கண்காட்சியில் ஒலிபெருக்கியில் என் பெயரை மட்டும் சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இருந்தது அது ஒன்றுதான்.

6. நவம்பரில் ஒரு நாள் வண்டியின் உள்தளத்தில், சலித்த மாவு போல வெளிறிய தூள் விழுந்து கிடந்தது. கூரை வளைவுகளின் அடியில் ஊசித் துளைகள் தெரிந்தன. என்னவென்று எனக்குத் தெரியும். தூளைப் பெருக்கித் தள்ளினேன். துளைகளை மக்குப் பூசி அடைத்துத் தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்தேன். கிருஷ்ணப்பனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் மறுநாளே பேருந்தில் இறங்கி வந்திருப்பார். வந்தால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும் என்பதால் சொல்லவில்லை.

7. 14.12.2024 அன்று சேலத்தில் ஒருவருக்குக் காட்டுவதற்காக வண்டியை என் காரில் இழுத்துச் சென்றேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னால் போன லாரி வேகம் குறைத்ததால் பிரேக்கை அழுத்தினேன். வளைவுகள் அடியோடு முறிந்து கூரை கழன்று, காற்றில் தூக்கப்பட்டு, பின்னால் இருசக்கர வாகனத்தில் வந்த சசிகலா என்பவர் மீது விழுந்தது. அவர் அங்கே சாலையோர உணவகம் ஒன்றில் வேலை செய்பவர். இடது மணிக்கட்டு முறிந்தது.

8. அன்று மாலையே பட்டறைக்குத் திரும்பினேன். அளவுக்கு அறுத்தபோது மிஞ்சிய அடித்துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் இரண்டே வெட்டு. அவற்றை எரித்தேன். அதன் பிறகே மனு எழுதினேன். செய்தி கேட்டு கிருஷ்ணப்பன் வந்தார். "வேலக் கணக்க நோட்டுல எழுதறது நீங்க, மூங்கில்ல வெட்டறது நானு. ரெண்டையும் எடுத்தாங்க, ஆபீசர் முன்னாடி வெக்கலாம்" என்றார். துண்டுகள் எல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன என்றேன். "அப்படீன்னா சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இம்முறை 'சார்' சொல்லவில்லை.

9. ஒரு துண்டு மட்டும் எரியவில்லை. வார்னிஷ் கலக்க நான் வைத்திருந்த துண்டு அது, டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. பிறகு கண்ணில் பட்டபோதும் எரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று அன்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

10. சென்ற வாரம் தொப்பூர் வழியே வந்தபோது அந்த உணவகத்தில் நிறுத்தினேன். சசிகலா என்னை அடையாளம் கண்டு, வலது கையால் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இடது கையால் இன்னும் மாவு பிசைய முடியவில்லை என்றார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க சார்? பச்ச மூங்கில வித்தானே அந்தச் சித்தேரிக்காரன், அவன் கை வெளங்குமா?" என்றார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். காருக்குத் திரும்பிய பிறகும் சாவியைத் திருப்ப வெகுநேரம் ஆயிற்று. மூங்கிலில் வேலை செய்யும் ஒருவரின் கைக்கு, என் பொருட்டு, அவரை யாரென்றே அறியாத ஒரு பெண் சாபம் கொடுத்திருக்கிறார்.

11. ஆகவே ஐயா அவர்களிடம் வேண்டுவது:

என் முந்தைய மனுவைப் பொய் மனு எனப் பதிவு செய்து, 14ஆம் தேதிக்கு முன் கிருஷ்ணப்பனைப் பயிற்றுநர் பொறுப்பில் சேர்க்க ஆணையிட வேண்டும். விபத்துக்கு நான் ஒருவனே பொறுப்பு. சட்டப்படி என் மீது எடுக்கும் நடவடிக்கைக்கு உட்படுகிறேன். இம்மனுவின் நகல் ஒன்று தொப்பூரில் சசிகலாவுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். நேரில் சொல்லத்தான் போனேன், சொல்லாமல் வந்துவிட்டேன்.

முந்தைய மனுவின் கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். இதில் அதை எழுதவில்லை. இணைப்பில் உள்ளதைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

இடம்: பாப்பிரெட்டிப்பட்டி
நாள்: 10.03.2025

(ஒப்பம்)
ச. அர்ச்சுனன்

இணைப்பு: மூங்கில் அடித்துண்டு ஒன்று. நீளம் ஒன்பது அங்குலம். ஒரு முனையில் வார்னிஷ் கறை. மறுமுனையில் வெட்டு இரண்டு.