ஆந்தையைப் பற்றி உரக்க வாசிக்கலாகாத ஓலை

நலம் விளைக. மழை பொய்யாது பெய்க. மடை திறந்து நீர் வருக.

முக்குன்றமும் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் வேங்கைவரைக் கோமான், பகைவர் புறமுதுகு கண்ட பெருமான், பார்த்த மாத்திரத்தில் ஆளின் தரம் அறிபவர் என்று மெய்க்கீர்த்தியில் பாடப்பெறும் ஆதன் நெடுங்கோ அவர்களின் திருவடிகளுக்கு, அந்நாட்டு நோட்டநாயகம் தாயன் கொற்றன் ஐந்நாட்டு அணைக்கரையிலிருந்து தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. அரசர்க்கு எழுதுபவன் தன்னை நான் என்று சுட்டுதல் மரபன்று ஆதலால், இதில் கொற்றன் என வருமிடமெல்லாம் இதனை எழுதுகின்றவனையே குறிக்கும். மேற்சொன்ன பட்டங்களுள் கடைசிப் பட்டத்தையும் மரபு கருதியே கொற்றன் எழுதினான் என்பதைப் பெருமான் பொறுத்தருள்க.

இவ்வோலை முரசறைந்து வரும் தூதுவழியில் வரவில்லை. அரண்மனை மருத்துவர் பதுமனார் கையில், லேகியச் சம்புடத்துக்குள் வருகின்றது. ஓலைவாசகன் சேந்தன் நல்லவன், அவன் குரலும் கணீரென்ற குரல், தொல்லையே அதுதான். எடுத்த ஓலையை இடையில் நிறுத்தலாகாது என்னும் அவை விதியை உயிரினும் மேலாகக் காப்பவன் அவன். ஆகையால் இதனைப் பெருமான் தனியறையில், தம் திருக்கண்களாலேயே வாசித்தருள வேண்டும் என்பது கொற்றனின் முதல் விண்ணப்பம்.

ஐந்து நாட்டார்க்கும் அணை ஒன்று. அதன் தண்ணீருக்காக முன்னோர் வெட்டிக்கொண்டு மாண்டது போதும் என்று, வாளுக்குப் பதிலாக ஏந்துபந்தாட்டத்தை வைத்து ஐந்து அரசரும் உடன்படிக்கை செய்துகொண்டதைப் பெருமானுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் நினைவூட்டும் நிலை வந்துவிட்டது. ஆண்டுதோறும் ஆட்டச் சாலைகளில் பயிலும் இளைஞருள் ஒருவன் பெயரை ஒவ்வோர் அரசரும் தேர்ந்து தம் நிழலணியில் சேர்ப்பர். அவ்விளைஞன் பிறகு எந்த ஊர் அணிக்கு ஆடினாலும், பந்தை ஏந்திக்கொண்டு அவன் எல்லைக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அவனைத் தேர்ந்த அரசர்க்குப் புள்ளி. புள்ளி மிகுந்த நாட்டுக்கு முதல் மடை. குறைந்த நாட்டுக்குக் கடைசி மடை. தேர்ந்த பெயரை மாற்ற முடியாது. அவன் களத்தைவிட்டு நீங்கும் வரை அவன் சுமை நம் சுமையே. இவ்வாட்டத்தில் அரசர்கள் ஓடுவதில்லை, வியர்ப்பதுமில்லை. பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே அவர்கள் வேலை. காத்திருப்பதில் நம் நாடு தேர்ந்துவிட்டது. தண்ணீருக்கும் காத்திருக்கிறது.

பொன்னை உரைத்துப் பார்ப்பது போல இளைஞரை உரைத்துப் பார்த்துச் சொல்வதே நோட்டநாயகத்தின் கடமை. சாலை சாலையாக அலைந்து, வெயிலிலும் சேற்றிலும் நின்று, கொற்றன் எழுதி அனுப்பிய ஓலைகளுக்குப் பெருமான் விடுத்த மறுமொழிகள் அவனிடம் பத்திரமாக உள்ளன. ஓராண்டு, ஆள் எத்தனை உயரம் என்று மட்டும் கேட்டருளினீர். மறு ஆண்டு, கொற்றன் சொன்னவனை விடுத்து, குழலூதத் தெரிந்தவன் என்று ஒருவனைத் தேர்ந்தருளினீர். அவன் இன்றும் நன்றாகக் குழலூதுகிறான். அதற்கடுத்த ஆண்டு தேர்ந்தவனின் சாதகம் அபாரம் என்றார்கள். முதல் மோதலிலேயே முழங்கால் போயிற்று. நம் நாடு தொடர்ந்து கடைசி மடையில் கிடக்கிறது.

சென்ற பருவத்தில் தென்வயல் வழியாகக் கொற்றன் வந்தபோது, வெடித்த நிலத்தில் கருகிய நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்த செள்ளி என்னும் உழத்தி அவன் குதிரையை மறித்தாள். எங்கள் தண்ணீரை எவன் கையிலோ கொடுத்திருக்கிறீர்களே ஐயா, அவன் கையில் பந்தாவது நிற்குமா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பெருமானின் திருச்செவிக்கு அனுப்ப அவனுக்கு ஓராண்டு துணிவில்லை, இன்று வந்திருக்கிறது.

இனி, நெஞ்சு எரியும் செய்தி. கொற்றன் பரிந்துரைத்து நாம் தள்ளிய இளைஞர் ஒவ்வொருவரும் தாழைக்கரை அரசர் கீரன் எழினியாரின் நிழலணியில் சேர்ந்து, இன்று அவருக்கு முதல் மடையை வாங்கிக் கொடுத்துள்ளனர். அவர் நாட்டிற்கு நோட்டநாயகமே இல்லை. பின் எப்படி என்று கொற்றன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், சென்ற அணைக்கூட்டத்தில் எழினியார் அவனுக்கு ஒரு தட்டு வெற்றிலை அனுப்பி, நோட்டநாயகத்தின் நடை தெளிவானது, சொல் திருத்தமானது, எம் தூதருக்குக் காது சற்று மந்தம், ஆகையால் வாசகன் இன்னும் கொஞ்சம் உரக்க வாசித்தால் புண்ணியமாகப் போகும் என்று சொல்லியனுப்பினார். நம் பேரவையில் நான்கு நாட்டுத் தூதரும் அமர்ந்திருக்க, கொற்றனின் ஓலைகள் முதலெழுத்திலிருந்து கடையெழுத்து வரை முழங்கப்படுகின்றன! கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாதவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

ஆகவே இவ்வாண்டு கொற்றன் ஒரு காரியம் செய்தான். இம்முறை முதலில் பெயர் சொல்லும் உரிமை எழினியாருடையது, இரண்டாவது நம்முடையது. நெய்தற்சாலை மதங்கனே இந்த ஆண்டின் மாணிக்கம் என்றும், கல்லறைச்சாலை ஆந்தையின் பக்கம் பந்தே வருவதில்லை, அவனைத் தொடவும் வேண்டாம் என்றும் அவையில் வாசிப்பதற்கென்றே ஓர் ஓலை விடுத்தான். எழினியார் மதங்கனைக் கொத்திக்கொண்டு போவார், ஆந்தை நமக்கு மிஞ்சுவான் என்பது கணக்கு.

கணக்கு பிசகியது எங்கே என்றால், பெருமான் அவ்வோலையை நம்பிவிட்டீர். கொற்றன் எழுதிய மெய்யான ஓலை எதற்கும் ஒரு கொட்டைப்பாக்குக்கூட வந்ததில்லை. எழுதிய ஒரே பொய் ஓலைக்குப் பொற்காப்பு வந்தது. காப்போடு வந்த திருமுகத்தில், நோட்டநாயகத்திற்கு ஒருவழியாக நம்மைப் போலவே கண் திறந்தது கண்டு மகிழ்ந்தோம் என்றும், முதற்பெயர் உரிமையைத் தாழைக்கரையாரிடமிருந்து பெற்று மதங்கனை நாமே கொள்வோம் என்றும், அதற்கு ஈடாக வரும் மூன்றாண்டுகளின் பெயர்சொல்லும் உரிமைகளை அவர்களுக்கு எழுதித் தருவோம் என்றும் இருந்தது. மூன்றாண்டு உரிமை போனால், நம் நாட்டுக்கு மூன்றாண்டுக்குப் புது ஆள் இல்லை. புது ஆள் இல்லையேல் கடைசி மடை. தென்வயல் மண் அதைத் தாங்காது.

மதங்கனின் உண்மை வருமாறு. திருவிழா ஓட்டத்தில் அவன் எண்ணெய் மினுங்க ஓடியதைப் பெருமான் கண்டு சொக்கிப்போனீர். எதிரில் ஆளே இல்லாத நேர்ப்பாதையில் யாரும் அழகாகத்தான் ஓடுவர். கூடப் பயின்றவர்கள் குடும்பஸ்தர்களாகிப் பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்பும் வயதில் அவன் இன்னும் சாலையிலேயே இருக்கிறான். அவன் இடித்துத் தள்ளுவதெல்லாம் மீசை அரும்பாத பிள்ளைகளை. அவனுக்குப் பந்து மழையாகப் பொழிவதன் காரணம், அவன் அணியில் பந்தை எறிபவன் அவன் அக்காள் கணவன். வலிய அணியோடு மோத வேண்டிய நாளில் மதங்கனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்துவிட்டது. அந்த வயிற்றுக்கடுப்பு இதற்கு முன்பும் அப்படிப்பட்ட நாட்களில்தான் வந்ததாம்.

ஆந்தையைப் பற்றிக் கொற்றன் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யன்று. பாதியைச் சொல்லாமல் விட்டதே பொய். அவன் பக்கம் பந்து வருவதில்லை, மெய்தான். அவன் அணியில் எறிபவன் கண்ணிருந்தும் குருடன். ஆந்தை கைதூக்கி நின்றாலும் பந்து குளத்துக்குள் போய் விழும். பந்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்க்கு ஆந்தை தென்படமாட்டான். கொற்றன் ஒருநாள் பந்தை விட்டுவிட்டு எதிரணியைப் பார்த்தான். பந்தே வராத அவனை இருவர் ஒட்டி நின்று காவல் காத்தனர்; ஆட்டம் முடியும்வரை நகரவில்லை. பிறகு அவ்விருவரையும் தனியே அழைத்துக் காரணம் வினவியதற்கு, அவன் கைக்குப் பந்து போய்விட்டால் அப்புறம் எங்களால் ஆகிறது ஒன்றும் இல்லை ஐயா, அது உங்களுக்குத் தெரியாது, எங்கள் விலா எலும்புக்குத் தெரியும் என்றார்கள். ஆந்தைக்கு இன்னும் வளரும் வயது. நல்ல எறிவாளன் உள்ள ஊரணிக்கு அவன் போகும் நாளில் ஐந்து நாடும் அவன் பெயரைச் சொல்லும். அந்தப் பெயர் முரசறைய நன்றாயிராது என்று பெருமான் அவையில் சிரித்தருளியதாகக் கேள்வி. முரசு எதையும் அறையும். நமக்கு வேண்டியது தண்ணீர்.

ஆகையால் கொற்றனின் விண்ணப்பம் இவ்வளவே. தாழைக்கரையாரோடு செய்யவிருக்கும் உரிமை மாற்றத்தை உடனே நிறுத்தியருள்க. மதங்கனை அவர்களே கொள்ளட்டும். ஆந்தையின் பெயரை யாரிடமும், பட்டத்தரசியாரிடமும், பள்ளியறைச் சுவரிடமும் சொல்லாதிருக்க. பொய்க்கு வந்த பொற்காப்பு இச்சம்புடத்தின் அடியிலேயே உள்ளது, திருப்பி ஏற்றருள்க. ஆந்தை பயன்படாவிடில் கொற்றனின் பதவியும் நிலமும் பெருமானுடையன. தென்வயல் மக்கள் முன் அவன் தானே போய் நிற்பான். வாசித்து முடித்ததும் இவ்வோலையை விளக்கில் காட்டியருள்க.

அணை நிறைக, குடி தழைக்க, கோமான் நீடு வாழ்க. உரைகல் பொறித்த நோட்ட இலச்சினை இட்டு, இவை தாயன் கொற்றன் எழுத்து.

ஓலையின் புறத்தே அவைக் குறிப்பு: மருத்துவர் பதுமனார் பேரவைக்கு லேகியம் கொணர்ந்தபோது, சம்புடத்துள் நோட்டநாயகத்தின் இலச்சினை கண்ட பெருமான், நம் கண்ணைப் புகழ்ந்து மறுபடியும் எழுதியிருக்கிறார், நான்கு நாட்டுத் தூதரும் கேட்கட்டும் என்று மொழிந்தருளியபடி, இவ்வோலை விதி வழுவாது, இடையில் நிறுத்தாது, முழுமையும் உரக்க வாசிக்கப்பட்டது. என் குரலைப் பற்றிய வரியும் வாசிக்கப்பட்டது. பெயர் சரியாகக் காதில் விழவில்லை என்று தாழைக்கரைத் தூதர் வேண்ட, ஆந்தை என்பது மும்முறை வாசிக்கப்பட்டது. தாழைக்கரைத் தூதர் விருந்துக்கு நில்லாமல் குதிரையேறினார். இவை ஓலைவாசகன் சேந்தன் எழுத்து.