தவளையை விற்றுவிட்டோம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் நான் நினைக்கிற முதல் நினைப்பு. இந்த ஒன்றரை வருஷமாகச் சுகம் என்ற வார்த்தையைக் கடமைக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு மனசார எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன்னோடு பேச ஆரம்பித்தால் போதும், அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், தன்னைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் விரலை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்கிறார், அப்புறம் நான் எங்கே சொல்வது. அதனால்தான் அவர் மெக்கானிக்கோடு டீ குடிக்கக் கிளம்பிப் போன நேரமாகப் பார்த்துச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். தவளையை விற்றுவிட்டோம். கோபப்படாதே, கடைசி வரைக்கும் படி.

மருமகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. அவளுக்கு அது நீ பணம் அனுப்பிக் கரைத்த ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான் தெரியும். அப்பா கார் ஷோரூமில் விற்பனை வேலையில் இருந்தபோது யாரோ புது வண்டிக்கு மாற்றாகத் தள்ளிவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. பச்சை நிறம், இரண்டே சீட்டு, பிதுங்கிக்கொண்டு நிற்கிற விளக்குகள், நடை பழகுகிற வயதில் நீ அதைப் பார்த்துத் தவளை என்றாய், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒருத்தரும் சீண்டாத வண்டியை இவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச காலம் ஓடியது, பிறகு ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்ததுதான். ஒருநாள் பார், இதைச் சரிசெய்து உன்னை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொல்வதும் நான் முறைப்பதுமாகவே உன் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் முடிந்துபோனது. அப்பாவின் வாய் எப்படிப்பட்ட வாய் என்று உனக்குத் தெரியாதா, ஓட்டை வண்டியையும் ஒய்யாரமாக விற்கிற வாய். கொஞ்சம் சும்மா இருங்களேன், காது வலிக்கிறது என்று நான் கத்தாத நாள் கிடையாது. அந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து, கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி, வாய் மட்டும் திரும்பாமல் போனபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வார்த்தைதான் வர மறுக்கிறது. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுவேன், அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதே.

அப்போதுதான் அவர் ஷெட்டுக்குள் போய் வண்டிக்குள் உட்கார ஆரம்பித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நான் இதைச் சொன்னதும் நீ வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்றாய், எனக்கு வந்ததே கோபம். மருந்துக்கடையில் முப்பது வருஷம் பில் போட்டவள் நான், வரவும் செலவும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன், அந்தத் தம்பி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். அடித்தகடு துருப்பிடித்து விரல் வைத்தால் உதிர்கிறது, ரப்பரெல்லாம் இறுகிப்போய்விட்டது, உதிரி பாகம் ஒவ்வொன்றும் கப்பலில்தான் வரவேண்டும், பெயிண்ட் அடிக்கிற கூலியிலேயே ஒரு புது ஸ்கூட்டர் வாங்கிவிடலாம் என்றார். “பெரிய பேருள்ள வண்டின்னா போட்டதுக்கு மேல வரும்மா. இது அந்த ரகம் இல்ல. பத்து போட்டா ஆறு திரும்பினாலே அதிர்ஷ்டம்” என்று தன் வேலைக்குத் தானே உலை வைக்கிற மாதிரி உண்மையைச் சொன்னார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. இதையெல்லாம் உன்னிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன், உனக்கென்ன பைத்தியமா, வீடு வாங்கப் பணம் சேர்க்கிற நேரத்தில் துருவில் கொட்டுகிறாயே என்று வைதேன். நீ திருப்பித் திட்டவில்லை. ஆறுகூடத் திரும்ப வேண்டாம்மா, அப்பாவுக்குக் காலையில் எழுந்து போக ஒரு இடம் இருக்கட்டும் என்றாய். அன்றைக்கு டொக்கென்று போனை வைத்தவள் நான்தான், ஆனாலும் நீ பணம் அனுப்பினாய், மெக்கானிக்கும் வேலையை ஆரம்பித்தார். இன்றைக்கு அந்த வார்த்தைக்காக உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. எங்கே இருந்து உனக்கு இந்த மனசு வந்தது, நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவாள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, சின்னப் பெண்தான், நான் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். குடை, நாற்காலி, ஆப்பிள் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், இவர் குழந்தைப் பாடம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு நடுவில் வைக்கிற தகட்டை மறந்து மூடப்போக, இவர் அவர் கையைத் தட்டிவிட்டுக் கேஸ்கெட் என்றிருக்கிறார். அத்தனை மாதத்துக்கு அப்புறம் தெளிவாக வந்த முதல் வார்த்தை. மெக்கானிக் கை நிறைய கிரீஸோடு சமையலறைக்கே ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். நான் எதிரே போய் நின்றேன், என் பெயர் வருகிறதா பார்ப்போம் என்று. என்னை மேலும் கீழும் பார்த்து, வாயைக் குவித்து, முக்கி முனகி, கிளட்ச் என்றார். இத்தனை வருஷம் ஆக்கிப்போட்டவளுக்குக் கிடைத்த பட்டம் அது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீச்சரம்மா கெட்டிக்காரி, மறுநாளே அட்டைகளைப் பையில் போட்டுவிட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டாள். வேண்டுமென்றே தப்புத்தப்பாகச் சொல்வாள், ஸ்பார்க் பிளக்கைத் தூக்கிக் காட்டி இதுதானே கார்புரேட்டர் என்பாள், இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து சரியான பெயரைக் கத்துவார். அப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பியது. உன்னிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார் என்று மட்டும் சொல்லிவந்தேன், ஏனென்றால் திக்கித் திக்கிப் பேசுவதை நீ கேட்கக் கூடாது என்று அவருக்கு ஒரே வீம்பு, போனைக் காதருகே கொண்டுபோனாலே எழுந்து போய்விடுவார்.

வண்டியும் தயாராகிவிட்டது. நீ அனுப்பிய கண்ணாடியும், இரண்டு முறை அளவு தப்பாக வந்து மூன்றாவது முறை சரியாக வந்த ஜன்னல் ரப்பரும் மாட்டியானதும், அப்பாவை ஏற்றிக்கொண்டு மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டினார். அடுத்த சுற்றுக்கு அப்பாவை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார், முழங்கால் காதைத் தொட்டது, ஆனாலும் வாயெல்லாம் பல்லாகத்தான் போய்வந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே அப்பா வண்டியைக் காட்டி, வீடு, பையன், வீடு என்றார். உன் வீட்டுக்கு நீ கடன் கேட்டு அலைவது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விற்றுப் பணத்தை உனக்கு அனுப்பு என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே ஆசைதான், போட்ட பத்தும் வராவிட்டாலும் எட்டு வந்தால்கூட உன் பாரம் குறையுமே. உன் மாமா வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். பழைய வண்டிகள் சேர்க்கிற பல் டாக்டர் ஒருவரை அவர்தான் பிடித்துக் கொண்டுவந்தார். பேசுவதெல்லாம் மாமா, அப்பா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தால் போதும், நான் டீ கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு.

டாக்டர் வந்தார், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், முகம் மலர்ந்துவிட்டது. மாமா சொன்ன விலைக்கு அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை, எனக்கு உள்ளுக்குள் குதூகலம். சும்மா ஒரு பேச்சுக்கு, எஞ்சின் இந்த வண்டியோடதுதானே என்று கேட்டார். மாமா எல்லாம் ஒரிஜினல் என்று வாயெடுத்தார், அதற்குள் அப்பா இல்லை என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அப்பா கையை ஊன்றி எழுந்து நின்று, “இது வேற வண்டியோட எஞ்சின். நம்பர் சேராது” என்றார். முழுசாக, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வாக்கியம். எஞ்சின் நம்பர் வண்டியின் பதிவோடு சேராவிட்டால் விலை பாதாளத்துக்குப் போய்விடும் என்று மெக்கானிக் எனக்குச் சொல்லியிருந்தார். அப்பா அதோடு நின்றாரா, டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். இடது கதவு வேறொரு வண்டியிலிருந்து வந்தது. அடித்தகடு முழுக்கப் புதுசு. பச்சை அசல் பச்சை இல்லை, கொஞ்சம் அடர்த்தி கூடுதல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விலை ஒரு படி இறங்கியது. மாமா இருமிப் பார்த்தார், அப்பாவின் காலை மிதித்துப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து நிறுத்தேன் அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். உன் வீட்டுப் பணம் என் கண்முன்னால் கரைகிறது என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லி அவரை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை, இன்னும் பேசட்டும், இன்னும் ஏதாவது ஓட்டை இருந்தால் அதையும் சொல்லட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. இதற்கு நீ என்னை மன்னிக்கத்தான் வேண்டும்.

ஒரு இடத்தில் வெல்டிங் என்ற வார்த்தை வராமல் நின்றுவிட்டார். கையைக் காட்டுகிறார், உதடு துடிக்கிறது, நெற்றியில் வேர்க்கிறது. மாமா எடுத்துக் கொடுக்கப் போனார், டாக்டர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் தவிக்கிறவர்களோடுதானே அவருக்குப் பிழைப்பு, காத்திருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. நிதானமாக நின்றார், வார்த்தையும் வந்தது. கடைசியில் அவர் கொடுத்த விலை மெக்கானிக் சொன்ன ஆறுகூட இல்லை, ஐந்துதான். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். மாமா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் விறுவிறுவென்று போய்விட்டார், இரண்டு நாள் போன் இல்லை, மூன்றாம் நாள் நானே சாப்பிடக் கூப்பிட்டுச் சமாதானம் செய்தேன். எல்லாரும் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன், இத்தனை வருஷம் கார் விற்றீர்களே, ஒரே ஒரு கீறலையாவது யாரிடமாவது வாயைத் திறந்து சொல்லியிருப்பீர்களா, இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று. காலி ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பேச்சு வந்துச்சு. நிறுத்த மனசு வரல” என்றார்.

அதனால் கண்ணா, பாதிப் பணம்தான் திரும்பி வருகிறது. உன் பிறந்தநாளுக்கு அப்புறம் உன் கணக்கில் போட்டுவிடுவேன், திருப்பி அனுப்புகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. மீதிப் பாதி எங்கே என்று என்னைக் கேட்டால், அது டீ குடிக்கப் போயிருக்கிற இடத்தில் மெக்கானிக்கின் காதைத் தின்றுகொண்டிருக்கிறது என்பேன். பில் போட்டுப் போட்டுத் தேய்ந்த கை இது, இந்த நஷ்டத்தை மட்டும் நஷ்டம் என்று எழுத மாட்டேன் என்கிறது. நீ அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு நான் சாகும் வரைக்கும் நன்றியோடு இருப்பேன், மருமகளுக்கும் சொல், அவள் ஆசைப்பட்ட அந்தப் பெரிய சமையலறையைத் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் பணம் அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். வீடு பார்க்கும்போது மழை பெய்கிற நாளில் ஒரு தடவை போய்ப் பார், சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார், புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால் கூடுதலாகச் சந்தேகப்படு. கடனில் அகலக்கால் வைக்காதே. குட்டிக்கு இருமல் நின்றதா, ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுங்கள். நீ மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய் என்று மருமகள் சொன்னாள், வயிற்றைக் காயப்போட்டுச் சேர்க்கிற பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

முக்கியமான விஷயம், மறந்துவிடாதே. உன் பிறந்தநாளுக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபாலாபீஸில் சொன்னார்கள். அன்றைக்கு நீ கூப்பிடும்போது போனை நான் எடுக்க மாட்டேன், அப்பா எடுப்பார், அவராகவே போனைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, நான் என்றார். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. அழாதே, அழுதால் அவர் வைத்துவிடுவார். நடுவில் நின்றால் எத்தனை நேரமானாலும் காத்திரு, அவர் தேடுகிற வார்த்தை உனக்குத் தெரிந்தாலும் எடுத்துக் கொடுக்காதே. உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதுவது வழக்கம், இந்த முறை எழுதவில்லை, அதை அவரே சொல்லுவார்.

என்றும் உன்,
அம்மா